வடசென்னைல முயல் ஃபாஸ்டர், தத்தெடுப்பு: கொடுங்கையூர் பக்கத்து வாலண்டியர் குரூப் பத்தி ஒரு ரிவ்யூ (5க்கு 4.5)

இது கடை கிடையாது, போர்டு எதுவும் கிடையாது, தேடிட்டு போனா கண்டுபிடிக்க முடியாது. கொடுங்கையூர், எம்.கே.பி. நகர், பெரம்பூர் சுத்துல இருக்கற கொஞ்ச பேர் சேர்ந்து, வேணாம்னு விட்ட முயல்களை வாங்கி, வைத்தியம் பாத்து, அவங்கவங்க வீட்லயே ஒண்ணு ரெண்டா வெச்சிருந்து, அப்புறம் நல்ல வீடா பாத்து குடுக்கறாங்க. நாங்க தண்டையார்பேட்டை. முதல்ல ஃபாஸ்டரா, அதாவது நல்ல வீடு கிடைக்கற வரைக்கும் தற்காலிகமா, ஒரு முயலை வெச்சிருந்தோம், அது வேற வீட்டுக்கு போனப்புறம் ஒரு ஜோடிய நாங்களே தத்தெடுத்துட்டோம், அதனால ரெண்டு பக்கமும் பாத்துட்டு சொல்றேன்: இவங்க கேள்வி நிறைய கேப்பாங்க, லேசுல குடுக்க மாட்டாங்க, எனக்கு இவங்ககிட்ட ரொம்ப பிடிச்சதே அதுதான். நிறைய பேர் இதையே குறையா சொல்றாங்க, "சும்மா குடுக்கற முயலுக்கு இவ்ளோ விசாரணையா"ன்னு. அவங்க படிக்கணும்னுதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

முதல் போன்லயே அந்த அக்கா (குரூப்பை ஒருங்கிணைக்கறவங்க, பேர் போட வேணாம்னு சொல்லிட்டாங்க) கேட்டது, வீடு எந்த மாடி, மேல கான்க்ரீட்டா ஷீட்டா, கரண்ட் போனா இன்வெர்ட்டர் இருக்கா, வீட்ல சின்ன பசங்க எத்தனை வயசு, பகல்ல யார் இருப்பாங்க, வாடகை வீடுன்னா ஓனருக்கு தெரியுமா, ஊருக்கு போனா யார் பாத்துப்பாங்க. நான் மொட்டை மாடில கூண்டு கட்டிடலாம்னு இருக்கேன்னு சொன்னேன், "அப்போ வேணாம் தம்பி"ன்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டாங்க. கோவமா இல்ல, பொறுமையா காரணம் சொன்னாங்க. முயலுக்கு வேர்க்காது, உடம்பு சூட்டை காது வழியாத்தான் வெளிய விடும், 28 டிகிரி தாண்டினாலே கஷ்டப்பட ஆரம்பிச்சிடும், நம்மூர் கத்திரி வெயில்ல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு கீழ கூண்டுல வெச்சா ஒரு மத்தியானம் தாங்காது. வருஷா வருஷம் மே மாசத்துல அவங்களுக்கு வர்ற போன்ல பாதி, முயல் வாயைத் திறந்து மூச்சு வாங்குது என்ன பண்றதுன்னுதானாம். அந்த மாதிரி ஆச்சுன்னா ஐஸ் தண்ணில முக்கிடாதீங்க, அது ஷாக்ல செத்துடும், ஈரத் துணியால காதை மட்டும் துடைச்சு ஃபேன் போட்டு உடனே டாக்டர்கிட்ட ஓடுங்கன்னு அந்த போன்லயே சொல்லிக்குடுத்தாங்க. அப்ப எங்ககிட்ட முயலே கிடையாது, குடுக்க மாட்டேன்னு வேற சொல்லியாச்சு, இருந்தாலும் சொல்லிக்குடுத்தாங்க. ஹால்லயே வெச்சுக்கறோம்னு வீட்ல பேசி முடிவு பண்ணி திரும்ப கூப்பிட்டேன்.

அப்புறம் வீடு பாக்க வந்தாங்க. அக்காவும் காலேஜ் படிக்கற ஒரு பையனும். அந்தப் பையன் நேரா தரைல உக்காந்து முயல் உயரத்துல இருந்து வீட்டை பாத்தான், எனக்கு அது ரொம்ப புதுசா இருந்துச்சு. டிவி வயர், ஃப்ரிட்ஜ் வயர், சார்ஜர், எல்லாத்தையும் காட்டி இதெல்லாம் ஒரே கடில துண்டாகும்னான், முயல் பல்லு வாழ்நாள் பூரா வளந்துட்டே இருக்கும், முன்பல்லு வாரத்துக்கு ரெண்டு மூணு மில்லிமீட்டர் வளரும், அதனால எதையாவது கடிச்சுட்டேதான் இருக்கும்னு சொல்லி கேபிள் கவர் எங்க போடணும்னு சாக்பீஸ்ல கோடு போட்டுட்டே போனான். பால்கனி கம்பி இடைவெளி அளந்தாங்க. பாத்ரூம் பக்கத்து ஓட்டையைப் பாத்துட்டு பெருச்சாளி வருமான்னு கேட்டாங்க. வடசென்னைல பெருச்சாளி வராத தெரு எது, வரும்னேன், கம்பி வலை அடிச்சப்புறம்தான் முயல்னு சொல்லிட்டாங்க. ராத்திரில பெருச்சாளி குட்டி முயலை கடிச்சு கொன்னது அவங்க கண்ணால பாத்திருக்காங்க. கொசுவத்தி சுருள் ஏத்தக்கூடாது, முயலுக்கு மூச்சுக்குழாய் ரொம்ப மென்மை, வலை கட்டுங்கன்னாங்க. எங்கம்மா வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவேனேன்னு கேட்டாங்க, "போடுங்கம்மா, முயலை மட்டும் அந்த நேரம் வேற ரூம்ல வெச்சு கதவை சாத்திடுங்க"ன்னு அக்கா சொன்னாங்க. அம்மா அதுக்கப்புறம்தான் சம்மதிச்சாங்க, அதையும் இங்க சொல்லணும், ஏன்னா முயல் வெச்சிருந்தா முக்கால்வாசி வேலை வீட்ல இருக்கற பெரியவங்க தலைலதான் விழும், அவங்ககிட்ட நேர்ல பேசாம இவங்க யாருக்கும் குடுக்கறதில்ல.

இந்த முயல்லாம் எங்கேர்ந்து வருதுன்னு தெரிஞ்சா இந்த கேள்வியெல்லாம் ஏன்னு புரியும். ஏப்ரல் மே லீவுல பசங்க கேக்குதுன்னு பிராட்வே ஞாயித்துக்கிழமை சந்தைலயோ பக்கத்து கடைலயோ ஜோடியா வாங்கிட்டு வருவாங்க, கைக்குள்ள அடங்கற குட்டி, பால் மறக்கறதுக்கு முன்னாடியே பிரிச்சு கொண்டாந்திருப்பாங்க. ரெண்டும் பொட்டைன்னு சொல்லி வித்திருப்பாங்க. அந்த வயசுல பாத்து ஆணா பொண்ணான்னு சொல்றது பழகினவங்களுக்கே கஷ்டம். நாலு மாசத்துல பருவத்துக்கு வந்துடும், 30, 31 நாள்ல குட்டி போடும், குட்டி போட்ட அன்னைக்கே மறுபடி சினை பிடிக்கவும் செய்யும். ஸ்கூல் திறந்து சில மாசத்துல வீட்ல ரெண்டு முயல் எட்டு பத்து ஆயிருக்கும், நாத்தம், மூத்திரம், ஆண் முயல் ஒண்ணை ஒண்ணு கடிச்சு ரத்தம், உடனே "ஃப்ரீயா தரேன், யாராவது எடுத்துக்கோங்க"ன்னு போட்டோ போடுவாங்க, இல்ல பார்க்ல விட்டுடுவாங்க. பார்க்ல விட்டா காட்டுல பொழைக்கற மாதிரி பொழைச்சுக்கும்னு நிறைய பேர் உண்மையாவே நம்பறாங்க. நம்ம ஊர் காட்டு முயல் வேற ஜாதி, அதை வீட்ல வெச்சிருக்கவே கூடாது, 1972 வனவிலங்கு சட்டத்துல பாதுகாக்கப்பட்டது. வீட்ல வளக்கற முயல் ஐரோப்பால இருந்து வந்த இனம், தலைமுறை தலைமுறையா கூண்டுல வளந்தது, அதுவும் வெள்ளை முயல்னா காக்காவுக்கும் பருந்துக்கும் தூரத்துலயே தெரியும், தெரு நாய்கிட்ட ஒரு ராத்திரி தாங்காது.

ஃப்ரீயா எடுத்துக்கறேன்னு வர்றவங்க யாருன்னும் பாக்கணும். கறிக்கு எடுக்கறவங்க உண்டு. முடி வளர முயல் ரத்த எண்ணெய்னு விக்கறாங்களே, அதுக்கு எடுக்கறவங்களும் உண்டு, அதுல முடி வளரும்னு எந்த ஆதாரமும் கிடையாது. அதனாலதான் இவங்க ஃப்ரீயா குடுக்கறதில்ல. நாங்க ஜோடிக்கு 1500 ரூபா குடுத்தோம், அந்த ரெண்டுக்கும் அவங்க பண்ணின கருத்தடை ஆபரேஷன் செலவுல கால்வாசி கூட வராது, ஆனா காசு குடுத்து வாங்கறவன் கறிக்கு வாங்க மாட்டான்ங்கறது கணக்கு. எனக்கு இது நியாயமா பட்டுச்சு.

ஃபாஸ்டருக்கு காசு எதுவும் வாங்கல. மடக்கற வேலி, மூத்திர ட்ரே, வெயிட்டான மண் கிண்ணம், ரெண்டு வாரத்துக்கு காஞ்ச புல்லு, மருந்து, எல்லாம் அவங்களே குடுத்தாங்க, வைத்திய செலவும் அவங்களோடதுதான். எங்ககிட்ட வந்தது சாம்பல் கலர் ஆண் முயல், எங்க பொண்ணு பஞ்சுன்னு கூப்பிட ஆரம்பிச்சா. ஒரு கடை மூடினப்போ கம்பி கூண்டோட விட்டுட்டு போயிருந்தாங்களாம், காது உள்ள பூரா பொருக்கு தட்டின சொறி, பின்னங்கால் ரெண்டுலயும் புண். நாய் பூனைக்கு இருக்கற மாதிரி முயல் பாதத்துல மெத்தை கிடையாது, வெறும் முடிதான், அதை கம்பி தரைல நிக்க வெச்சா முடி தேஞ்சு தோல் கிழிஞ்சிடும். இதை ஒரு தடவை பாத்தா கடைல அந்த கூண்டை விக்கறப்போ வயிறு எரியும். சொறிக்கு டாக்டர் ஊசி போட்டு, சும்மா பொருக்கை பிச்சு எடுக்காதீங்க தானா உதிரும்னாரு, அதே மாதிரி உதிர்ந்துச்சு. கால் புண்ணுக்கு தரைல பழைய பெட்ஷீட்டை ரெண்டா மடிச்சு போட்டு தினமும் மாத்தினோம், ஆற ரொம்ப நாள் ஆச்சு. அக்கா வாரா வாரம் போட்டோ கேட்டு வாங்கி பாத்துட்டே இருந்தாங்க. இடுப்பை தாங்காம காதை பிடிச்சு தூக்கறது எங்க தெருல எல்லாருக்கும் பழக்கம், பக்கத்து வீட்டு அண்ணன் "இன்னாப்பா, முயல காதப் புட்ச்சு தானே தூக்கணும்"னு ரொம்ப உரிமையா சொன்னாரு. அது உதறினா அதோட பின்னங்கால் பலத்துலயே முதுகெலும்பு உடைஞ்சிடும்னு சொன்னப்புறம் அவரே மத்தவங்களுக்கு சொல்லிட்டு இருக்காரு.

சாப்பாடு விஷயத்துல இவங்க குடுக்கற பயிற்சிக்கே தனியா மார்க் போடலாம். கேரட்டை மறந்துடுங்கன்னுதான் ஆரம்பிச்சாங்க. அது சர்க்கரை, எப்பவாவது விரல் நுனி அளவு போதும். முயல் சாப்பாட்டுல 80 சதவீதத்துக்கு மேல புல்லு இருக்கணும், பச்சையாவோ காஞ்சதாவோ, அதை அரைச்சு அரைச்சு தின்னாத்தான் பல்லு தேயும், குடல் ஓடும். கடைல விக்கற கலர் கலர் தானிய பாக்கெட் வேணவே வேணாம். இறக்குமதி டிமதி ஹே (ஒரு வகை காஞ்ச புல்லு) நல்லதுதான் ஆனா மாசா மாசம் அந்த விலைக்கு வாங்கற குடும்பம் நம்ம பக்கம் எத்தனை இருக்கும், அதனால இவங்க மாதவரம் பால்பண்ணை பக்கம் மாடு வெச்சிருக்கறவங்ககிட்ட தீவனப் புல்லு வாங்கி, நறுக்கி, மாடில காய வெச்சு மூட்டையா கட்டி ஃபாஸ்டர் வீடுகளுக்கு குடுக்கறாங்க. வைக்கோல் மட்டும் போட்டா சத்து பத்தாது. குதிரை மசால்ங்கற தீவனச் செடி குட்டிக்கு நல்லது, ஆறு மாசத்துக்கு மேல வளந்ததுக்கு சுண்ணாம்பு சத்து அதிகமாகி மூத்திரம் கெட்டியாயிடும். பிள்ளையார் கோயில் வாசல்ல விக்கற அருகம்புல்லு முயலுக்கு அமிர்தம், எங்க வீட்ல அந்த கட்டை பிரிக்கற சத்தம் கேட்டாலே ஓடி வரும், ஆனா ரோட்டோரம் பறிச்சதா இருந்தா லாரி புகையும் நாய் மூத்திரமும் இருக்கும், நல்லா அலசித்தான் போடணும். கொத்தமல்லி, புதினா கொஞ்சம் கொஞ்சம். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, பிஸ்கெட், சாதம் கிடையாது. எங்க வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க எல்லாருக்கும் பிஸ்கெட் குடுக்கணும்னு ஆசை, கதவுலயே எழுதி ஒட்டிட்டோம்.

இன்னொண்ணு, ராத்திரில முயல் தன்னோட புழுக்கையையே குனிஞ்சு வாய்ல எடுத்து தின்னும், அதைப் பாத்துட்டு என் வொய்ஃப் பதறிட்டா. அது வழக்கமான புழுக்கை இல்ல, குடல்ல பாதி செரிச்சு வர்ற மெத்துனு இருக்கற வேற வகை, அதுல இருக்கற விட்டமினும் புரதமும் ரெண்டாவது தடவை உள்ள போனாத்தான் உடம்புல சேரும், தடுக்காதீங்கன்னு அக்கா போன்ல விளக்கினாங்க. ராத்திரி 11 மணிக்கு.

இவங்க சர்வீஸோட உண்மையான மதிப்பு எனக்கு தெரிஞ்சது பஞ்சு சாப்பிடறதை நிறுத்தின ராத்திரிதான். சாயங்காலம் புல்லை தொடல, அருகம்புல்லையும் தொடல, மூலைல குறுகி உக்காந்துட்டு பல்லை நறநறன்னு கடிக்குது, ட்ரேல புழுக்கையே இல்ல. முதல்ல பக்கத்துல இருக்கற ஒரு கிளினிக்குக்கு கொண்டு போனோம், அங்க நாய் பூனைதான் பாக்கறாங்க போல, "ஒருநாள் பட்டினி போடுங்க சரியாயிடும்"னு அனுப்பிட்டாங்க. அக்காவுக்கு போன் பண்ணி இதை சொன்னதும் அவங்க குரலே மாறிடுச்சு. முயலை பட்டினி போடவே கூடாது, அதுக்கு வாந்தி எடுக்கவே வராது, குடல் நின்னா உள்ள காத்து சேர்ந்து வலில இன்னும் சாப்பிடாது, 12 மணி நேரம் சாப்பிடலைன்னாலே அவசரம்னு எடுத்துக்கணும்னு சொன்னாங்க. வயிறு கல்லு மாதிரி இருக்கா தொட்டு பாருங்க, டாக்டர் பாக்காம வாய்ல எதையும் திணிக்காதீங்கன்னாங்க. கொஞ்ச நேரத்துல அந்த காலேஜ் பையன் பைக்ல வந்து எங்களை அவங்களுக்கு தெரிஞ்ச டாக்டர் வீட்டுக்கே கூட்டிட்டு போனான். வலிக்கு ஊசி, குடல் ஓட மருந்து, அடைப்பு இல்லைன்னு பாத்தப்புறம் சிரிஞ்சுல கரைச்ச உணவு. விடியறதுக்கு முன்னாடி நாலு சின்ன புழுக்கை போட்டுச்சு, எங்க வீட்ல அதுக்கு இவ்ளோ சந்தோஷப்படுவோம்னு யாரும் நினைச்சிருக்க மாட்டோம். காலைல வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு கொண்டு போய் காட்டினோம், 1903ல ஆரம்பிச்ச காலேஜோட ஆஸ்பத்திரி அது, கூட்டம் இருக்கும், சீக்கிரம் போய் சீட்டு போட்டுடணும்.

அன்னைக்கு அந்த டாக்டர் சொன்ன ரெண்டு விஷயத்தை முயல் வெச்சிருக்கற எல்லாரும் தெரிஞ்சுக்கணும். வாய் வழியா அமாக்சிசிலின்ங்கற ஆன்டிபயாடிக் முயலுக்கு குடுக்கவே கூடாது, குடல்ல இருக்கற நல்ல கிருமியெல்லாம் செத்து முயலும் செத்துடும். நாய்க்கு உண்ணிக்கு போடற ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் விஷம். மெடிக்கல்ல கேட்டு நீங்களா வாங்கி போடாதீங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி ராத்திரியே பட்டினி போட சொன்னாலும் அது முயலுக்கு பொருந்தாது, முயல் பழகின டாக்டரான்னு கேட்டுட்டு அப்புறம் குடுங்க.

பஞ்சு கால் ஆறினதும் பெரம்பூர்ல ஒரு டீச்சர் வீட்டுக்கு போயிடுச்சு, அங்க ஏற்கனவே தனியா ஒரு பொட்டை முயல் இருந்துச்சு. எங்க பொண்ணு அழுதா. இப்பவும் அந்த டீச்சர் வீடியோ அனுப்பறாங்க. எங்களுக்கு குடுத்த ஜோடி அக்கா தங்கச்சி, ரெண்டுக்கும் கர்ப்பப்பை எடுத்தாச்சு. அதை பண்ணாம விட்டா மூணு நாலு வயசுக்கு மேல கர்ப்பப்பைல புத்துநோய் வர்ற வாய்ப்பு ரொம்ப அதிகம், அதனால பண்ணாம எதையும் வெளிய குடுக்கறதில்ல. ஆணா இருந்தா ஆபரேஷன் முடிஞ்சும் நாலுலருந்து ஆறு வாரம் பொட்டையோட சேக்க மாட்டாங்க, அதுவரைக்கும் சினை பிடிக்க வைக்க முடியும். தனியா ஒண்ணு குடுங்கன்னா குடுக்க மாட்டாங்க, முயல் கூட்டமா வாழற பிராணி, பேச்சுத்துணை இல்லாம சுருங்கிடும். எழுதி கையெழுத்து வாங்கறாங்க: விக்கக்கூடாது, வேற யாருக்கும் தரக்கூடாது, வெச்சுக்க முடியலைன்னா எந்த வருஷமானாலும் அவங்ககிட்டயே திருப்பி தரணும். 8லருந்து 12 வருஷம் வரை வாழும்னு சொல்லி, உங்க பொண்ணு காலேஜ் போறப்பவும் இது இருக்கும், சரியான்னு பொண்ணுகிட்டயும் கேட்டாங்க.

குறைன்னு பாத்தா, மெசேஜுக்கு பதில் வர நாள் ஆகும், அவசரம்னா மட்டும் போன் எடுப்பாங்க, மத்ததுக்கு காத்திருக்கணும். எல்லாரும் வேலைக்கு போறவங்க. புல்லு மூட்டை மழை மாசத்துல சரியா வராது, ஒரு தடவை வந்த மூட்டைல அடில பூஞ்சை பிடிச்சிருந்துச்சு, சொன்னதும் அன்னைக்கே மாத்தி குடுத்தாங்க, ஆனா நாங்க பிரிச்சு மோந்து பாக்கலைன்னா ஆபத்து, இதை அவங்க முதல்லயே சொல்லிக்குடுத்திருக்கலாம். பொங்கலுக்கு ஊருக்கு போறோம் முயலை கொஞ்ச நாள் வெச்சுக்கறீங்களான்னு கேட்டா இடம் இல்லைங்கறதுதான் பதில், நீங்களேதான் ஆள் பாக்கணும். தீபாவளிக்கு வெடி சத்தத்துல முயல் பயத்துலயே சாகும்னு எச்சரிச்சு, நடு ரூம்ல ஜன்னலை சாத்தி, மேல பெட்ஷீட் போத்தின அட்டைப்பெட்டில ஒளிய இடம் குடுங்கன்னு முன்கூட்டியே மெசேஜ் அனுப்பினாங்க, அது நல்ல விஷயம். அரை மார்க் குறைச்சது பதில் லேட்டாகறதுக்கும் புல்லுக்கும்தான்.

எங்க தெருல ஒருத்தருக்கு குடுக்க மாட்டேன்னுட்டாங்க, ரெண்டு வயசு குழந்தைக்கு விளையாட்டு சாமான் மாதிரி கேட்டாரு, பகல்ல வீட்ல யாரும் இல்ல. அவர் கோவத்துல கடைல போய் வாங்கிட்டு வந்தாரு. அந்தக் கடைக்கு 2018 பெட் ஷாப் விதிப்படி விலங்கு நல வாரிய பதிவு இருக்கான்னு கேட்டா கடைக்காரருக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியல. அந்த முயல் இப்போ அக்கா வீட்லதான் இருக்கு.

ஃபாஸ்டர் பண்ணலாம்னு யோசிக்கறவங்க ஜூன், ஜூலைல கேளுங்க, லீவுல வாங்கின முயல்லாம் அப்பதான் வந்து குவியும், வீடு பத்தாம ஒரே வீட்ல ஆறு ஏழு வெச்சுட்டு திண்டாடறாங்க. சொந்த வீடு வேணும்னு இல்ல, வெயில் அடிக்காத ஒரு மூலை, ஃபேன், கரண்ட் போனா சமாளிக்க ஒரு வழி, பகல்ல ஒரு ஆள், இவ்ளோ போதும். உறைய வெச்ச தண்ணி பாட்டிலை துணில சுத்தி பக்கத்துல வெச்சா ரெண்டு மூணு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். முயல் வேணாம் உதவி மட்டும் பண்றேன்னா பழைய காட்டன் பெட்ஷீட், அச்சு மை அதிகம் இல்லாத அட்டைப்பெட்டி, கனமான மண் சட்டி வாங்கிக்கறாங்க, பைக் இருந்தா சனி ஞாயிறுல மாதவரத்துலேர்ந்து புல்லு மூட்டை எடுத்துட்டு வர ஆள் எப்பவும் தேவைப்படுது.